பாட்டில் கேருபீன், களத்தில் மருமகன்

இரண்டாம் சாமுவேல் புத்தகத்தைத் தொகுத்த பெரியவர், தான் சிரிக்காமல் பிறரைச் சிரிக்கவைக்கிற ரகம். சந்தேகம் இருந்தால் 21, 22, 23 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள்.

21இல் பெலிஸ்தரோடு சண்டை. தாவீது ராஜாவுக்கு வயதாகிவிட்டது. வாளைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. எதிரே இஸ்பிபெனோப் என்று ஒரு ராட்சதன். அவன் ஈட்டியில் இருந்த வெண்கலம் மட்டும் 300 சேக்கல், நம் கணக்கில் மூன்று கிலோவுக்கு மேல். இன்றைக்கு ராஜாவின் கதையை முடித்துவிடுவது என்று அவன் வருகிறான். ராஜா களைத்துப்போய் நிற்கிறார். வானம் திறக்கவில்லை, பூமி அதிரவில்லை. அபிசாய் ஓடிவந்து அவனை வெட்டிச் சாய்க்கிறான். அபிசாய் வேறு யாருமில்லை, தாவீதின் சகோதரி செருயாளின் மகன். "மாமா, நீங்கள் கொஞ்சம் ஓரமாக உட்காருங்கள்" என்று சொன்னதாக வேதத்தில் இல்லை. ஆனால் படைவீரர்கள் எல்லாரும் கூடி, இனிமேல் நீங்கள் எங்களோடு யுத்தத்துக்கே வரக்கூடாது என்று ஆணையிட்டுச் சொன்னதாக இருக்கிறது. ராஜாவுக்குக் களத்திலேயே கட்டாய ஓய்வு.

பக்கத்தைத் திருப்பினால் 22. அதே ராஜா பாடுகிறார். கடவுள் வானத்தை வளைத்துக்கொண்டு, கேருபீன் மேல் ஏறி, மூக்கில் புகையும் வாயில் நெருப்புமாக இறங்கி வருகிறார். கல்மழை, மின்னல், கடலின் அடித்தளம் தெரிகிற அளவுக்குப் பெருமூச்சு. எல்லாம் இந்த ஒருவரைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரைசேர்க்க. கரையேறியவர் சும்மா இருப்பாரா? தனியாளாகச் சேனைக்குள் பாய்கிறார், மதிலைத் தாண்டுகிறார், வெண்கல வில்லை வளைக்கிறார், எதிரிகளைத் தூளாக்கித் தெருச்சேறு போல மிதிக்கிறார். முந்தின அதிகாரத்தில் மூச்சு வாங்கிய ஆள் இவர்தானா என்று நாம் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, என் கை சுத்தமானது, அதற்குத் தக்கபடிதான் கடவுள் எனக்குப் பலன் கொடுத்தார் என்று ஒரு நற்சான்றிதழையும் நடுவில் தனக்குத்தானே வழங்கிக்கொள்கிறார். அபிசாய் எங்கே? பாட்டில் அவனுக்கு அரைச் சொல்கூட இல்லை.

23இல் தாவீதின் பராக்கிரமசாலிகளின் பெயர்ப்பட்டியல். மொத்தம் 37 பேர் என்று கணக்குச் சொல்லி முடிகிறது. கடைசிப் பெயர் யாருடையது தெரியுமா? ஏத்தியனான உரியா. ராஜா ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட பத்சேபாளின் கணவர். சுத்தமான கைகளால் ராஜா ஒரு கடிதம் எழுதி, அதை உரியாவிடமே கொடுத்தனுப்பி, சண்டை மும்முரமான இடத்தில் அவரை நிறுத்திவிட்டு மற்றவர்கள் பின்வாங்குங்கள் என்று ஏற்பாடு செய்தாரே, அதே உரியா. தொகுத்தவர் ஒரு வார்த்தை விமரிசனம் எழுதவில்லை. பாட்டை நடுவில் வைத்தார்; ஒரு பக்கம் காப்பாற்றிய ஆள், மறுபக்கம் காப்பாற்றப்படாத ஆள். போய்விட்டார்.

இதே பாட்டு சில சொல்மாற்றங்களோடு 18ஆம் சங்கீதமாகவும் இருக்கிறது. அங்கே சுற்றிலும் பாட்டுகள்தான், உளறிக்கொட்ட உரைநடை கிடையாது. எனவே கம்பீரம் குறையாமல் நிற்கிறது.

எபிரேயச் சங்கீதப் புத்தகத்தில் 73 பாட்டுகளின் தலைப்பில் தாவீதின் பெயர் உண்டு. அவற்றில் 13 தலைப்புகள், இது இன்ன ஆபத்தில் பாடியது என்று சம்பவத்தையும் சேர்த்துச் சொல்கின்றன. இந்தத் தலைப்புகள் பிற்காலத்தில் ஒட்டப்பட்டவை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஒட்டியவர் வாழ்க, ஏனென்றால் பாட்டையும் சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற சுகத்தை நமக்குக் கொடுத்தவர் அவர்தான்.

59ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதைய ராஜா சவுல் ஆட்களை அனுப்பி வீட்டை வளைத்தபோது பாடியதாம். எதிரிகள் சாயங்காலமானால் நாய்களைப் போல ஊளையிட்டு ஊரைச் சுற்றுகிறார்கள். கடவுள் அவர்களைப் பார்த்து நகைக்கிறார். அவரே கோட்டை, அவரே அடைக்கலம். நடந்தது என்ன? தாவீதின் மனைவி மீகாள், அவள் சவுலின் மகளும்கூட, விஷயத்தை மோப்பம் பிடித்து, இன்று ராத்திரியே ஓடாவிட்டால் நாளைக்கு நீங்கள் பிணம் என்று சொல்லிப் புருஷனை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள். பிறகு வீட்டிலிருந்த ஒரு சுரூபத்தை எடுத்துக் கட்டிலில் கிடத்தி, தலைமாட்டில் வெள்ளாட்டு மயிரை வைத்து, துணியால் போர்த்தி, வந்த சேவகர்களிடம் "அவருக்கு உடம்பு சரியில்லை" என்றாள். சவுல் விடவில்லை, கட்டிலோடு தூக்கிவரச் சொன்னார். போர்வையை விலக்கினால் சிலை. ஒரே கடவுளின் தனிப்பட்ட பாதுகாப்பில் இருந்தவருக்கு அன்றிரவு பதிலாளாகப் படுத்திருந்தது ஒரு விக்கிரகம். ஆள் உயரத்துக்கு ஒரு விக்கிரகம் அந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. பாட்டில் ஜன்னலும் இல்லை, மீகாளும் இல்லை.

அடுத்து காத். எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இதுதான். வீட்டைவிட்டு ஓடிய தாவீது நோபு என்ற ஊரில் ஆசாரியன் அகிமெலேக்கிடம் போய், ராஜகாரியமாக அவசரமாகப் புறப்பட்டேன் என்று கூசாமல் பொய் சொல்லி, சமுகத்து அப்பங்களை வாங்கிக்கொண்டு, ஆயுதம் ஏதாவது உண்டா என்று கேட்டார். தாவீது முன்பு கொன்ற பெலிஸ்த ராட்சதன் கோலியாத்தின் பட்டயம் அங்கே துணியில் சுற்றி வைத்திருந்தது. அதற்கு நிகர் கிடையாது, கொடுங்கள் என்று இடுப்பில் கட்டிக்கொண்டு, தலைமறைவாக இருக்க ஊர்களையெல்லாம் யோசித்து, கடைசியில் தேர்ந்தெடுத்த ஊர் காத். கோலியாத்தின் சொந்த ஊர். உள்ளூர்க்காரனின் தலையை வெட்டியவர், அவனுடைய கத்தியையே கட்டிக்கொண்டு, அடைக்கலம் கேட்டு அவன் தெருவுக்குள் நுழைகிறார்.

காத் ராஜா ஆகீஸின் ஊழியர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இஸ்ரவேல் பெண்கள் ஆடிப்பாடி, சவுலைவிடப் பத்து மடங்கு என்று இவர் கொலைக்கணக்கை ஏற்றிப் பாடிய பாட்டு எல்லை தாண்டி அங்கேயும் பிரபலமாகியிருந்தது. புகழ் வந்தால் இப்படித்தான், ஒளிய இடம் கிடைக்காது. தாவீதுக்குச் சட்டென்று பைத்தியம் பிடித்தது. வாசல் கதவுகளில் கீறினார். வாயிலிருந்து எச்சிலைத் தாடியில் ஒழுகவிட்டார். ஆகீஸ் அலுத்துக்கொண்டார்: நம்மிடம் பைத்தியக்காரர்களுக்குப் பஞ்சமா, இவனை வேறு எதற்கு என் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்? விரட்டிவிட்டார்கள். தப்பித்தார்.

இந்தத் தப்பித்தலுக்கு உரிய பாட்டு 34ஆம் சங்கீதம் என்கிறது தலைப்பு. அதில் கர்த்தருடைய தூதன் பக்தர்களைச் சுற்றிப் பாளயம் இறங்கியிருக்கிறான். நீதிமானின் எலும்புகளில் ஒன்றும் முறிவதில்லை. எச்சில், தாடி, கதவு எதுவும் இல்லை. இன்னொரு விசேஷம், அந்தப் பாட்டு எபிரேய அகரவரிசையில் அமைந்தது. ஒவ்வொரு வரியும் அடுத்த அடுத்த எழுத்தில் தொடங்கும். காலையில் எச்சில் ஒழுகவிட்டவர் மாலையில் எழுத்தெண்ணிப் பாடியிருக்கிறார்; ஓர் எழுத்து மட்டும் நடுவில் விடுபட்டுப்போயிருக்கிறது. தலைப்பு எழுதியவரும் அன்று கொஞ்சம் கலங்கியிருந்தார் போல. ராஜாவின் பெயரை ஆகீஸ் என்பதற்குப் பதிலாக அபிமெலேக்கு என்று போட்டுவிட்டார்.

அப்பமும் கத்தியும் கொடுத்த நோபு ஊருக்கு என்ன ஆயிற்று என்பது சிரிப்புக்குரியதல்ல. ஏதோமியனான தோவேக்கு கோள் சொல்ல, சவுல் உத்தரவிட, 85 ஆசாரியர்கள் ஒரே நாளில் வெட்டப்பட்டார்கள். தப்பிவந்த ஒருவனிடம் தாவீது, உன் தகப்பன் வீட்டார் சாவுக்கு நானே காரணம் என்று ஒத்துக்கொண்டார். அது உரைநடையில். அதற்குரிய 52ஆம் சங்கீதத்தில் தோவேக்கின் பொய்நாக்குக்கு மட்டும் கண்டனம்.

பிறகு மாகோன் வனாந்தரத்தில் ஒரு மலை. இந்தப் பக்கம் சவுல், அந்தப் பக்கம் தாவீது. சவுலின் ஆட்கள் வளைத்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்போது ஒரு தூதுவன் ஓடிவந்து பெலிஸ்தர் நாட்டுக்குள் புகுந்துவிட்டார்கள் என்கிறான். சவுல் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போகிறார். தாவீது தன் பாட்டுகளில் கடவுளை மறுபடி மறுபடி கன்மலை என்று அழைக்கிறார். சரிதான், அன்று உண்மையாகவே ஒரு மலை நடுவில் நின்றது. ஆனால் மலையின் மறுபக்கத்தைக் காலிசெய்து கொடுத்தவர்கள் பெலிஸ்தர், பாட்டுகளில் தூளாக நொறுக்கப்படுகிற அதே எதிரிகள்.

என்கேதிக் குகையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வதே மரியாதை. 3,000 பேரோடு தேடிவந்த சவுல் மலஜலம் கழிக்க ஒரு குகைக்குள் தனியாக நுழைந்தார். உள்ளே இருட்டில் தாவீதும் கூட்டாளிகளும். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள், இரண்டு காரணங்களுக்காக. தாவீது சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்துக்கொண்டு, உயிரை விட்டுவிட்டார். குகைக்குள் பாடியவை என்று இரண்டு சங்கீதங்கள் உண்டு. இரண்டிலும் மணம் நல்லவிதமாகவே இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு மனிதர் மறுபடி எங்கே போனார்? காத்துக்கு. அதே ஆகீஸிடம். இந்த முறை பைத்தியம் இல்லை. பின்னால் 600 பேர் இருந்தார்கள். ஆகீஸ் சிக்லாகு என்ற ஊரையே எழுதிக்கொடுத்தார். ஒரு வருஷமும் நாலு மாதமும் கடவுள் தேர்ந்தெடுத்த ராஜா பெலிஸ்தரின் சம்பளப் பட்டியலில் இருந்தார். கில்போவாவில் சவுலோடு இறுதிப்போர் மூண்டபோது பெலிஸ்தர் பக்கம் அணிவகுத்துக் கிளம்பியும் விட்டார். மற்றப் பெலிஸ்தப் பிரபுக்கள், இந்த ஆளை நம்ப முடியாது, சண்டை நடுவில் கட்சி மாறுவான் என்று திருப்பி அனுப்பினார்கள். சொந்த ஜனங்களுக்கு எதிராக வாள் வீசிய பழியிலிருந்து அவரைக் காப்பாற்றியது எதிரிகளின் சந்தேக புத்தி. அதற்கு ஒரு சங்கீதம் எழுதியிருக்கலாம், கருப்பொருள் கொஞ்சம் சிக்கல்.

வயதான காலத்தில் மகன் அப்சலோம் கலகம் செய்தான். தாவீது வெறுங்காலோடு அழுதுகொண்டே ஒலிவமலை ஏறி ஓடினார். 3ஆம் சங்கீதம் அப்போது பாடியது என்கிறது தலைப்பு. அதில் அவர் படுத்தார், நிம்மதியாகத் தூங்கினார், விழித்தெழுந்தார். பதினாயிரம் பேர் சூழ்ந்தாலும் பயமில்லை. உரைநடையில் அந்த ராத்திரி வேறுவிதமாகப் போகிறது. தாவீதின் சிநேகிதர் ஊசாய் அப்சலோமின் சபையில் உளவாளியாக உட்கார்ந்து, உடனே துரத்துங்கள் என்ற அகித்தோப்பேலின் யோசனையைக் கெடுக்கிறார். செய்தி கொண்டுபோன இரண்டு இளைஞர்கள் பகூரிமில் ஒரு வீட்டுக் கிணற்றுக்குள் இறங்கி ஒளிகிறார்கள். வீட்டுக்காரி கிணற்றின்மேல் பாயை விரித்து அதில் தானியத்தைக் காயவைத்து, தேடிவந்தவர்களிடம் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்கிறாள். சேதி தாவீதுக்கு எட்டுகிறது: ராத்திரி இங்கே தங்காதே, உடனே அக்கரைக்குப் போ. பொழுது விடிவதற்குள் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் யோர்தானைக் கடந்துவிட்டார்கள். அன்று ராத்திரி அந்தக் கூட்டத்தில் யாரும் கண்மூடியிருக்க முடியாது. பாட்டில் மட்டும் ராஜா நன்றாகத் தூங்குகிறார். அந்தக் கிணற்றுக்காரிக்கு உரைநடையே பெயர் கொடுக்கவில்லை, பாட்டைக் குறைசொல்லி என்ன பயன்.

ஏன் இப்படி? டைட்டில் கார்டில் தயாரிப்பாளர் பெயரை மட்டும் போட்டுவிட்டு, நடித்தவர்களையெல்லாம் விட்டுவிட்டால் அது வெறும் பக்தி அல்ல, நல்ல நிர்வாகமும்கூட என்பது என் அபிப்பிராயம். மனிதனுக்கு நன்றிக்கடன் பட்டால் அவன் ஒருநாள் வந்து கேட்பான். யோவாபைப் பாருங்கள். அபிசாயின் சகோதரன், சேனாபதி, எருசலேமிலிருந்து அம்மோன்வரை எல்லா அழுக்குக் காரியங்களையும் செய்து முடித்தவன். கர்வாலி மரத்தில் தலை மாட்டித் தொங்கிய அப்சலோமைக் குத்தியவனும் அவனே. பிள்ளைக்காக அழுத ராஜாவை, இப்படி அழுதுகொண்டிருந்தால் ராத்திரிக்குள் ஒருவனும் உம்மோடு இருக்கமாட்டான் என்று அதட்டி வெளியே உட்காரவைத்தவனும் அவனே. இப்படிப்பட்டவனைப் பாட்டில் வேறு புகழ்ந்தால் என்ன ஆகும்? தாவீது புகழவில்லை. மரணப்படுக்கையில் சாலொமோனைக் கூப்பிட்டு, அவனுடைய நரைமயிர் சமாதானமாகக் குழிக்குள் இறங்கக்கூடாது என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். யோவாப் பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே வெட்டப்பட்டான். மீகாளுக்கும் அரண்மனையில் பிள்ளையில்லாத தனிமைதான் மிஞ்சியது.

கடவுள் அப்படியல்ல. மாகாணம் கேட்கமாட்டார், பதவி கேட்கமாட்டார். உங்களுக்கு ஒரு கேதுரு வீடு கட்டித் தருகிறேன் என்று தாவீதே வலியப் போய்ச் சொன்னபோதுகூட, நான் எப்போது கேட்டேன் என்று நாத்தான் தீர்க்கதரிசி மூலம் பதில் வந்தது. வேண்டாம் என்றதோடு நிற்கவில்லை: நான் உனக்கு வீடு கட்டுகிறேன், உன் வம்சத்துச் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும். இப்படி ஒரு புரவலர் கிடைத்தால் யார்தான் மருமகனைப் பற்றிப் பாடுவார்கள்!

பாட்டில் கடவுள் போட்டுக்கொண்டு வரும் உடைகூட அவருடையதில்லை. 1928இல் சிரியாவின் ராஸ் ஷம்ராவுக்கு அருகே ஓர் உழவரின் கலப்பை ஒரு பழைய கல்லறையில் தட்டியது. அடுத்த ஆண்டு தோண்டத் தொடங்கினார்கள். உகாரித் நகரமும் அதன் களிமண் பலகைகளும் வெளிவந்தன. அவற்றில் பாகால் மேகங்களின் மேல் சவாரி செய்கிறான், இடி அவன் குரல், கடலோடு சண்டை போடுகிறான். தீர்க்கதரிசிகள் திட்டித் தீர்த்த அதே பாகால். அவன் அலமாரியிலிருந்த இடி, மின்னல், மேகம் எல்லாவற்றையும் எருசலேம் புலவர்கள் எடுத்துத் தங்கள் கடவுளுக்கு அளவாகத் தைத்துவிட்டார்கள்.

எதிரிகளைப் பாதபடியாக்கும் 110ஆம் சங்கீதத்தின் ஆசையும் அக்கம்பக்கத்துப் பழக்கம்தான். எகிப்தின் இளம் ராஜா துட்டன்காமனின் கல்லறையில் கட்டுண்ட எதிரிகளின் உருவம் பொறித்த கால்மணையே கிடைத்தது, செருப்பிலும் எதிரிகள். பையன் நடந்தாலே போர்.

மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டு 1868இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் காமோஸ் தேவன் தன் மக்கள்மேல் கோபமாக இருந்ததால் இஸ்ரவேல் ஒடுக்கியது, கோபம் தணிந்ததும் மேசாவை எல்லா ராஜாக்களிடமிருந்தும் காப்பாற்றிவிட்டார். பெயர்களை மாற்றினால் சங்கீதப் புத்தகத்தில் சேர்த்துவிடலாம். கி.மு. 701இல் அசீரியாவின் சனகெரிப் யூதாவின் 46 அரணான ஊர்களைப் பிடித்து, எசேக்கியா ராஜாவை எருசலேமில் கூண்டுப் பறவையாக அடைத்ததாகப் பெருமையடித்தார்; அசூர் தேவனுக்கு நன்றி. வேதமோ கர்த்தருடைய தூதன் ஒரே ராத்திரியில் 1,85,000 அசீரியரைக் கொன்றான் என்கிறது. இரு தரப்பும் ஒத்துப்போகிற ஒரே தொகை எசேக்கியா கட்டிய 30 தாலந்து பொன்தான். வெள்ளியில் மறுபடி தகராறு: வேதம் 300 என்கிறது, அசீரியர் 800 என்கிறார்கள். இரண்டு கடவுளரும் ஜெயித்த போரில் பில் மட்டும் ஒருவருக்கு வந்தது.

இதிலெல்லாம் உச்சம் 1993இல் இஸ்ரேலின் வடக்கே தேல் தாணில் கிடைத்த உடைந்த கல். கி.மு. 9ஆம் நூற்றாண்டு அரமேய மொழி. தாவீதின் வீடு என்று வேதத்துக்கு வெளியே பெயர் சொல்லும் மிகப் பழைய சான்றுகளில் அதுவே முதன்மையானது என்று கொண்டாடினார்கள். கொண்டாடலாம். ஆனால் அதை நட்டவன் ஓர் அரமேய ராஜா, பெரும்பாலும் ஆசகேல். ஆதாத் தேவன் தனக்கு முன்னே நடந்து வழிகாட்டியதாகவும், தாவீதின் வீட்டு ராஜாவைத் தான் கொன்றதாகவும் அதில் சொல்லிக்கொள்கிறான். கடவுள் எதிரிகளிடமிருந்து காக்கும் வம்சம் இருந்ததற்குச் சாட்சி, எதிரி தன் கடவுளின் துணையோடு அந்த வம்சத்தில் ஒருவரைத் தீர்த்துக்கட்டியதாகச் சொல்லும் கல்.

கடைசியில் நாத்தான் மூலம் வந்த அந்தச் சிங்காசன உறுதிமொழியை எடுத்து மேசைமேல் வைத்தவர் 89ஆம் சங்கீதக்காரர். தலைப்பு ஏத்தான் என்பவர் பெயரில் இருக்கிறது. ஆள் நிதானமாகத் தொடங்குகிறார். சத்தியம் செய்தீர்கள், சூரியனும் சந்திரனும் உள்ளளவும் தாவீதின் சிங்காசனம் என்றீர்கள், பிள்ளைகள் தப்புச் செய்தால் பிரம்படி உண்டு ஆனால் கிருபை விலகாது என்றீர்கள். ஒவ்வொரு ஷரத்தாகப் படித்துக்காட்டிவிட்டு, குரல் மாறுகிறது: கிரீடம் தரையில் கிடக்கிறது, மதில்கள் இடிந்துகிடக்கின்றன, போகிறவன் வருகிறவன் எல்லாம் கொள்ளையடிக்கிறான், எதிரிகளின் வலதுகையைத்தான் நீர் உயர்த்தியிருக்கிறீர். அந்தச் சத்தியம் என்ன ஆயிற்று? சங்கீதப் புத்தகத்தில் இவ்வளவு நேரடியாகக் கணக்குக் கேட்டவர் அபூர்வம், எனக்கு அவர்மேல் தாவீதைவிட மரியாதை. பதில் வரவில்லை. தொகுத்தவர் மனுவின் கீழே ஒரு துதியும் இரண்டு ஆமென்களும் போட்டு மூன்றாம் பாகத்தை மூடிவிட்டார். அடுத்த பாகத்தைத் திறந்தால் பேசுகிறவர் மோசே, எடுத்தவுடனே மனிதன் புல்லைப் போல உலர்ந்துபோகிறவன் என்று பொதுவான தத்துவத்துக்குப் போய்விடுகிறார்.

கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, மூன்று மாதம் ஆண்டிருந்த 18 வயது ராஜா யோயாக்கீனைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நகரமும் ஆலயமும் எரிந்தன. அடுத்து ராஜாவாயிருந்த சிதேக்கியாவின் பிள்ளைகளை அவர் கண்முன் வெட்டி, பிறகு அவர் கண்களைப் பிடுங்கினார்கள். ஆனால் யோயாக்கீன் சாகவில்லை. பாபிலோனில் ஜெர்மானியர் தோண்டியெடுத்து, எர்ன்ஸ்ட் வைட்னர் 1939இல் வெளியிட்ட களிமண் பலகைகள் அரண்மனைக் கிடங்கின் விநியோகக் கணக்கு. அதில் யூதா ராஜா யோயாக்கீனுக்கு இவ்வளவு எண்ணெய், அவருடைய பிள்ளைகள் ஐந்து பேருக்கு இவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்கிறது. தாவீதின் வம்சத்தைப் பட்டினி போடாமல் காத்தது யார் என்ற கேள்விக்கு, பெயர், அளவு, பெற்றுக்கொண்டவர்கள் எண்ணிக்கை எல்லாவற்றோடும் பதில் எழுதிவைத்தவர் ஒரு பாபிலோனியக் கிடங்குக் குமாஸ்தா. அந்த ரேஷனுக்கு நன்றி சொல்லி எந்தச் சங்கீதமும் கிடையாது. வழக்கம்தானே.